இன்வெர்ட்டர் பிளக்கில் எரிந்த உங்கள் விளக்கு

அன்புள்ள அத்தைக்கு,

"அன்புள்ள" என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் செத்துப்போனவர்களுக்கு வேறு மாதிரி ஆரம்பித்தால் ஊர் சிரிக்கும். நீங்கள் உயிரோடு இருந்தபோதே நாம் இரண்டு பேரும் ஊருக்குச் சிரிக்கப் போதுமான அளவு கொடுத்துவிட்டோம். அதனால் அன்புள்ள என்றே இருக்கட்டும்.

நீங்கள் போய்ச் சேர்ந்தது மாசியில். இப்போது ஆடி. காற்று பேயாக அடிக்கிறது. மானாம்பதி ரோட்டில் மின்சாரக் கம்பி மேல் சாய்ந்த மரங்களை வெட்டுகிறார்கள், கம்பம் மாற்றுகிறார்கள். நினைத்த நேரத்தில் கரண்ட் போகிறது, நினைத்த நேரத்தில் வருகிறது. உங்கள் மகன், என் வீட்டுக்காரர், நெல் விதைத்துவிட்டார். சிவப்புப் பசு சினையாக இருக்கிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி என் செய்தி.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அத்தை. இன்னொரு முறை சொல்கிறேன், நன்றாகக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது.

துணி, பாத்திரம், மிக்ஸி எல்லாம் ஆன்லைனில் விற்கிற கம்பெனி. பொருள் உடைந்து வந்தாலோ அளவு மாறி வந்தாலோ ஜனங்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். அந்தத் திட்டை வீட்டிலிருந்தே தமிழில் கேட்டு, கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். உங்களோடு இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எங்கே கிடைக்கும்? நேர்காணலில் "கோபமாகப் பேசுபவரோடு உங்களுக்கு அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கம்பெனியே ஒரு புதுக் கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பி வைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கதவு சாத்திய தனி அறையில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் டீம் லீடரோடு வீடியோவில் அரை மணி நேரம் பேசிக் காட்ட வேண்டும். வீட்டு வைஃபை லைன்தான் செல்லும், போன் நெட் செல்லாது. நடுவில் லைன் அறுந்தால் தேர்வு அறுந்தது. மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு நான் பழையபடி சாணி தட்டலாம்.

நெல் மூட்டை அடுக்கும் அறையைக் கழுவி விட்டு, மேசை போட்டு உட்கார்ந்தேன். முதல் தேர்வில் பத்து நிமிஷம் நன்றாகப் போயிற்று. திடீரென்று திரையில் டீம் லீடர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். வைஃபை அடையாளத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து நடந்த இரண்டாவது தேர்விலும் அச்சு அசலாக அதே கதை.

"மேடம், மூணாவது தடவையும் கட் ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று அவர் போனில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

லைன் கொடுத்திருக்கும் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். வந்தார், கூடத்தில் நின்றார், தன் போனில் ஒரு பாட்டை ஓடவிட்டார். "அக்கா, லைன் கரீட்டா கீதுக்கா. பாருங்க எப்டி ஓடுது! உங்க கம்ப்யூட்டருதான் பேஜார் பண்ணுது" என்றார். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், எப்போதும் இல்லை, அவ்வப்போதுதான் போகிறது என்று. "அப்ப கண்டிப்பா கம்ப்யூட்டருதான்" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

உங்கள் மகனைக் கேட்டால் அவர் ஒரு படி மேலே. "என் போன்ல ஒருநாளும் நின்னதே இல்லியே இந்திரா. புதுசா புடிச்சாந்த மாடு ஒதைக்கத்தான் செய்யும். பழகட்டும் வுடு." மாடாம். கம்ப்யூட்டருக்குத் தவிடு வைக்கட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கழனிக்குப் போய்விட்டார்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் என்பதை இந்த வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானே மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி பாஸ்வேர்ட் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது, சரியில்லாமல் போகும்வரை.

மூன்றாவது தேர்வு வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலை நாஷ்டா முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மறுபடியும் லைன் போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு நெட் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "மேடம், வைஃபை பெட்டியில எத்தனை லைட் எரியுது, என்ன கலர்னு பார்த்துச் சொல்றீங்களா?"

இத்தனை நாளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டி யார் கண்ணிலும் படாது. கூடத்தில் உங்கள் இரும்பு பீரோவுக்குப் பின்னால் சந்தில் அல்லவா அதை ஒளித்து வைத்திருந்தீர்கள்? பச்சையாக மினுக்குகிறது, வருகிறவன் போகிறவன் கண் பட்டால் கெட்டுப் போய்விடும் என்று. வைஃபைக்குத் திருஷ்டி பார்த்த ஒரே மாமியார் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நீங்களாகத்தான் இருக்கும்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளிழுத்து, அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். தலையெல்லாம் ஒட்டடை. பெட்டியில் ஒரு லைட்டும் எரியவில்லை. செத்துக் கிடந்தது. ஆனால் பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் மாலை போட்ட உங்கள் படத்துக்குக் கீழே அந்தச் சின்னச் சிவப்பு பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மோட்டார் சத்தம் நின்றிருப்பது அப்போதுதான் காதில் உறைத்தது. கரண்ட் இல்லை. நம் வீட்டு விசிறியும் விளக்கும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தச் சுவரில் இரண்டு பிளக் பாயிண்ட். ஒன்று சாதாரண கரண்ட். இன்னொன்று இன்வெர்ட்டர் கரண்ட், கரண்ட் போனாலும் சாகாது. தெரிந்துகொள்வதற்காக எலக்ட்ரீஷியன் அதில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுப் போனார். வைஃபை பெட்டி ஆரம்பத்திலிருந்தே சிவப்புப் புள்ளி பிளக்கில்தான் இருந்தது. கரண்ட் போனால் உங்கள் போனில் சீரியல் நின்றுவிடக் கூடாது என்று நீங்கள்தானே நின்று மாட்டச் சொன்னீர்கள்?

இப்போது சிவப்புப் புள்ளி பிளக்கில் இருந்தது உங்கள் விளக்கு. வைஃபை பெட்டி சாதாரணக் கரண்டில்.

உங்கள் காரியத்தன்று நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தபோது நடந்திருக்கிறது. உங்கள் மகள் கோமதி அண்ணி, வருஷம் திரும்பும்வரை அம்மா படத்து விளக்கு ஒரு நொடிகூட அணையக் கூடாது என்று வேண்டிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த வேண்டுதலுக்காக அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து வைஃபை பெட்டியைப் பிடுங்கி அந்தப் பக்கம் மாட்டிவிட்டு, உங்களுக்கு இன்வெர்ட்டர் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. கரண்ட் போகும்போதெல்லாம் வைஃபை செத்திருக்கிறது. வீட்டில் இருக்கும் போன்கள் சத்தமில்லாமல் சிம் கார்டு நெட்டுக்குத் தாவிவிடும். அதனால் யாருக்கும் தெரியவில்லை. தாவ வழியில்லாதது என் கம்ப்யூட்டர் ஒன்றுதான். பழி முழுக்க அதன் தலையில்.

கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை, அத்தை. அந்தச் சந்திலேயே, ஒட்டடையோடு ஒட்டடையாக, இன்னொன்றும் புரிந்துவிட்டது.

என் சின்ன மகன் பால்குடி மறந்த சமயம் அது. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றுக்கு ஆன்லைன் ஆர்டர் பார்க்கும் வேலை, வீட்டிலிருந்தே. போன் வீடியோவில் நேர்காணல். அப்போது என் போனில் நெட் கிடையாது, "வூட்ல வைஃபை கீதே, அப்பறம் இன்னாத்துக்கு தனியா நெட்டு?" என்று நீங்கள்தான் போட விடவில்லை. முதலாளியம்மா என்னிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து வரலாம் என்று கேட்கப் போகிறார் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போது லைன் போயிற்று. வெளியே ஓடி வந்தேன். நீங்கள் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தீர்கள்.

"கரண்டு போச்சுடி. அதான் நெட்டு நின்னுகீது. நான் இன்னா பண்றது?" என்றீர்கள்.

விசிறி சுற்றியது, இன்வெர்ட்டர் என்று நினைத்தேன். லைன் திரும்ப வருவதற்குள் அந்த அம்மா வேறு பெண்ணை எடுத்துவிட்டார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதபோது நீங்கள் ஒரு டம்ளர் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "குடி. வேலை எங்க போவுது" என்றீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக நீங்கள் எனக்கு டீ போட்டீர்கள். கடைசித் தடவையும் அதுதான்.

சிவப்புப் புள்ளி பிளக்கில் இருந்த பெட்டி, கரண்ட் போனால் ஏன் நின்றது, அத்தை?

நிற்காது. கரண்ட் போய் நிற்கவே நிற்காது. யாராவது பீரோ சந்தில் கையை விட்டு சுவிட்சை அணைத்தால்தான் நிற்கும்.

நீங்கள் செத்தபோது நான் அழுதேனே, அது ஊருக்காக அழுதது என்று கோமதி அண்ணி நினைத்திருப்பார். இல்லை. அந்த ஒரு டம்ளர் டீக்காக அழுதேன். நமக்குள் எத்தனை சண்டை நடந்தாலும், "பொம்பள பொட்டியாண்ட பேசி சம்பாரிச்சி இன்னா ஆவப்போவுது" என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும், அன்றைக்கு என் அழுகையைப் பார்த்து உங்கள் மனசு இளகியது என்று நம்பிக்கொண்டிருந்தேன். உங்களிடமிருந்து என்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்களே! பாவி என்று சொல்ல வாய் வருகிறது. செத்தவர்களைச் சொல்லக் கூடாதாம். சொல்லிவிட்டேன், என்ன செய்வீர்கள்?

மத்தியானம் சாப்பிட வந்த உங்கள் மகனிடம் பிளக் சங்கதியை மட்டும் சொன்னேன். சிவப்புப் புள்ளி பிளக்கில் ஒரு மல்டி பிளக் வாங்கிச் சொருகினால் விளக்கு, வைஃபை இரண்டும் எரியும், கடைத்தெருவில் கிடைக்கிற சாமான் என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "அத்த சொருவணும்னாலும் விளக்க ஒருவாட்டி புடுங்கணுமே" என்றார். எப்படி இருக்கிறது நியாயம்? திருமுக்கூடலில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அதெல்லாம் கூடாதுடா! அம்மா வெளக்கு வருசம் திரும்பற வரிக்கும் அணையக்கூடாது. உன் பொண்டாட்டிக்கு வேலைதான் முக்கியம்னா கரண்டு ஆபீசாண்ட போயி உக்காந்துகினு வேலை பாக்கச் சொல்லு" என்றார் கோமதி அண்ணி.

எந்தச் சாஸ்திரத்தில் பிளக் பாயிண்ட் பற்றி எழுதியிருக்கிறது என்று கேட்டேன். போன் வைக்கப்பட்டது. உங்கள் மகன், "நாளிக்கி கரண்டு போவாது இந்திரா. போன வெள்ளிக்கிழம போவலியே" என்றார். மழைக்கும் காற்றுக்கும் கிழமை பார்த்து ஜோசியம் சொல்கிறவர் கரண்டுக்கும் சொன்னார்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸிலேயே கோமதி அண்ணி வந்து இறங்கிவிட்டார். என்னை நம்பாமல் காவலுக்கு வந்திருக்கிறார். உங்கள் படத்துக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தேர்வு ஆரம்பித்தது. ஒரு பெண் வாங்கிய குக்கரில் மூடி வரவில்லை என்று டீம் லீடர் திட்டுவது போல நடித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், விலாசம் கேட்டேன், எப்போது மூடி வரும் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அப்போது இன்வெர்ட்டர் மாறும் அந்த "டக்" சத்தம் கேட்டது. அவர் கை தூக்கியபடியே உறைந்து நின்றார்.

போன் அடித்தது. "மேடம், ரூல்படி முடியாது, ஆனா நல்லா பேசினீங்க. அஞ்சு நிமிஷம் இருக்கேன். அதுக்குள்ள வந்துடுங்க."

கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். கோமதி அண்ணி என் முகத்தைப் பார்த்ததுமே கீரையைத் தள்ளிவிட்டு எழுந்து பீரோவுக்கு முன்னால் நின்றார். "வேணா இந்திரா. கிட்ட வராத." நான் அவரைத் தள்ளவில்லை. அவர் அக்குளுக்கு அடியில் குனிந்து சந்துக்குள் புகுந்தேன். உங்கள் விளக்கின் ஒயரைப் பிடித்து இழுத்தேன். வைஃபை பெட்டியின் ஒயரைச் சிவப்புப் புள்ளியில் சொருகினேன்.

உங்கள் விளக்கு அணைந்தது, அத்தை.

"ஐயோ, எங்கம்மாவ இருட்டுல தள்ளிட்டாளே!" என்று அண்ணி போட்ட கூச்சலில் கொல்லையிலிருந்து உங்கள் மகன் ஓடி வந்தார். அந்தப் பெட்டி உயிர் பெற்று எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். முதலில் சிவப்பு எரியும், மினுக்கும், பிறகுதான் பச்சை. நான் சந்திலேயே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உயிரே அந்த மினுக்கலில் இருந்தது.

"நைனா, கேளுடா இவள! நாக்க புடுங்கிக்கிற மாதிரி கேளு!" என்று அண்ணி தம்பியைப் பிடித்து உலுக்கினார்.

உங்கள் மகன் என்னைப் பார்த்தார். நான் சந்துக்குள் இருந்தபடியே சொன்னேன். "பட்டுக்கடை வேலைக்குப் பேசிக்கினு இருந்தப்ப லைன் போச்சே, ஞாபகம் கீதா? அப்ப இந்தப் பொட்டி இன்வெர்ட்டர்லதான் இருந்துச்சு. கரண்டு போனா இது நிக்காது. யாரு நிறுத்துனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணி கூச்சல் போடுவதை நிறுத்தினார். உங்கள் மகன் உங்கள் படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தெரியுமா தெரியாதா என்று நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது. இவரோடு நான் இன்னும் குடும்பம் நடத்த வேண்டும்.

பச்சை எரிந்தது. நான் ஓடினேன்.

குக்கர் மூடியில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து அரை மணியையும் முடித்தேன். கடைசியில் டீம் லீடர், "திங்கக்கிழமைல இருந்து ஜாயின் பண்ணிக்கோங்க மேடம்" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை மூடி, அதன் மேலேயே தலையை வைத்து அழுதேன். டீ கொண்டுவந்து கொடுக்க யாரும் வரவில்லை. அதுவே நிம்மதியாக இருந்தது.

வெளியே வந்தபோது கரண்ட் வந்திருந்தது. உங்கள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சாதாரண பிளக்கில். உங்கள் மகன்தான் மாட்டியிருக்கிறார். கோமதி அண்ணி கீரையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். மல்டி பிளக் வாங்கி வரட்டுமா என்று உங்கள் மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

உங்கள் விளக்கு ஒரு காலை நேரம் அணைந்து கிடந்ததில் என்ன ஆயிற்று, சொல்லுங்கள்? ஓடு விழவில்லை. சினைப் பசு காலம் வருமுன் கன்றை வீசவில்லை. எனக்கு வேலை கிடைத்தது, அவ்வளவுதான் நடந்தது.

நானும் ஒன்று கேட்கிறேன். இந்த வீட்டில் உங்களைக் கேள்வி கேட்கக் கூடிய ஒரே ஆள் நான்தான், இப்போதும். எதற்காகச் செய்தீர்கள்? நான் சம்பாதித்தால் உங்கள் மகனை மதிக்க மாட்டேன் என்றா? வீட்டு வேலை உங்கள் தலையில் விழும் என்றா? உங்களுக்குக் கிடைக்காதது எனக்கு எப்படிக் கிடைக்கலாம் என்றா? சரி, அணைத்தது அணைத்தீர்கள். பிறகு எதற்காக டீ போட்டீர்கள்? உறுத்தியதா, அல்லது ஜெயித்துவிட்ட சந்தோஷமா? இஞ்சி வேறு தட்டிப் போட்டிருந்தீர்களே, அத்தை. ஜெயித்தவர்கள் இஞ்சி தட்டிப் போடுவார்களா?

தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. முழுக்க வெறுக்கக்கூட விடாமல் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

ஒரு வாக்கு தருகிறேன். மாசியில் உங்கள் வருஷப் படையலுக்கு லீவு போடுவேன். கருவாட்டுக் குழம்பு, முட்டை, வடை, வெற்றிலை பாக்கு, ஒன்று குறையாது. கோமதி அண்ணி காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வருவேன். ஊர் மெச்சும்படி செய்வேன். ஆனால் சிவப்புப் புள்ளி பிளக்கு என்னுடையது. கரண்ட் இருக்கும்போது உங்கள் விளக்கு எரியும். போனால் அணையும். வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருங்கள். நான் உட்காரவில்லையா?

கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்கு உட்காரப் போகும்,
உங்கள் வீட்டு மருமகள்
இந்திரா